ரோஸ்டரில் மூளும் சண்டை

காலை ஏழு மணி. இரவு முழுக்க வார்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ரிப்போர்ட் புக்கை எழுதி முடித்துவிட்டு, ஓவர் கொடுக்க, அதாவது பொறுப்பை ஒப்படைக்க, காத்திருக்கிறார். காலை டூட்டிக்கு வந்தவர் கைப்பையை வைத்ததும் பொருள்களை எண்ணத் தொடங்குகிறார். பி.பி. மெஷின் எத்தனை, தெர்மாமீட்டர் எத்தனை, கத்தரிக்கோல், ட்ரே, சக்‌ஷன் கருவி, பெட்ஷீட் எத்தனை. பூட்டிய அலமாரியில் மார்ஃபின் ஆம்ப்யூல் எத்தனை, போட்டு முடித்ததன் காலி ஆம்ப்யூல் எத்தனை. எல்லாம் நோட்டிலுள்ள கணக்கோடு பொருந்தினால்தான் சாவி கைமாறும். ஒரு பொருள் குறைந்தால், யார் டூட்டியில் தொலைந்தது என்ற கேள்வி வரும். பல இடங்களில் அதற்கான பணம் செவிலியரின் கையிலிருந்தே போகும்.

அந்த நேரத்தில் கேட்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"ஆக்சிஜன் சிலிண்டர் காலியா இருக்கே சிஸ்டர், மாத்தச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ராத்திரி நாலு அட்மிஷன், ஒரு டெத். நான் ஒருத்திதான். எப்போ சொல்றது?"

"உங்க டூட்டின்னாலே இப்படித்தான்."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு அது தெரிவதில்லை. தெரிந்தாலும் அவர் தலையிடுவதில்லை. விஷயம் நிர்வாகத்தின் காதுக்குப் போனால் அங்கே ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: பத்துப் பெண்கள் ஓரிடத்தில் வேலை பார்த்தால் இப்படித்தான் இருக்கும். இந்த விளக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது பெண்களை இழிவுபடுத்துகிறது என்பது ஒரு காரணம். சண்டைக்கு உண்மையான காரணம் எதுவோ அதை யாரும் தேடாமல் பார்த்துக்கொள்கிறது என்பது பெரிய காரணம். காலி சிலிண்டரை மாற்ற இரவில் ஆள் இருந்தாரா, நாற்பது படுக்கைக்கு ஒரே செவிலியரைப் போட்டது யார், தொலைந்த கத்தரிக்கோலுக்குச் செவிலியர் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. மேலே எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்காமல் விட்டதன் விளைவு, கீழே வந்து சேரும்போது இரண்டு மனுஷிகளுக்கு இடையிலான மனஸ்தாபமாக உருமாறிவிடுகிறது.

லீவு யார் தலையில்?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதோடு சேர்ந்து வரும் இன்னொரு எண்ணை யாரும் சொல்வதில்லை. விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் பணியிடம் வேண்டும் என்கிறது அதே அளவுகோல். ஒரு வார்டுக்குப் பத்துப் பேர் தேவை என்றால் பதின்மூன்று பேரை நியமிக்க வேண்டும்.

வார்டின் நிம்மதி அந்த மூன்று பேரிடம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர்கள் இருந்தால், ஒருவருக்கு வரும் காய்ச்சல் வெறும் காய்ச்சல் மட்டுமே. அவர்கள் இல்லாவிட்டால், காய்ச்சல் வந்தவர் தன் தோழியின் வார விடுமுறையைப் பறித்தவராகிவிடுகிறார். அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போனவர் இன்னொருத்தியை டபுள் டூட்டி பார்க்க வைத்தவராகிறார். தமிழ்நாட்டு அரசுப் பணியில் நிரந்தரமாக இருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு உண்டு. நல்ல முடிவு அது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதமும் அவர் இடத்துக்கு வேறொருவரை அனுப்பாமல் விட்டால், கூட வேலை பார்ப்பவர்கள் அவருடைய வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். குழந்தை பிறந்த செய்திக்கு இனிப்பு வாங்கிச் சாப்பிட்டவர்களே அடுத்த மாத ரோஸ்டரைப் பார்த்து முகம் இறுகுகிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடமாகச் சொந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்குப் போகாதவர்கள் அவர்கள்.

ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை 2002இல் லிண்டா எய்க்கன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை முடிந்தவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அதே ஒரு நோயாளியால், செவிலியர் மனம் வறண்டு சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. இந்த இரண்டு எண்களும் ஒரே ஆய்விலிருந்து வந்தவை. நோயாளியின் உயிரையும் செவிலியரின் மனதையும் தனித்தனியாக வைத்துப் பேசும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பேனா யார் கையில்

வார்டில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டூட்டி ரோஸ்டரைப் போடுபவர் யார் என்று பார்த்தால் போதும். ஹெட் நர்ஸோ, இன்சார்ஜ் சிஸ்டரோ மாதக் கடைசியில் உட்கார்ந்து அந்தக் கட்டங்களை நிரப்புகிறார். யாருக்கு எப்போது நைட், யாருக்குத் தீபாவளியன்று ஆஃப், யாருக்குத் தொடர்ந்து ஈவினிங், யாரை ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவது, யாரை நீரிழிவு ஓ.பி.யில் உட்கார வைப்பது. ஒரு குடும்பத்தின் அந்த மாத வாழ்க்கை முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் தீர்மானமாகிவிடும்.

போடுகிறவருக்கும் இது சுகமான வேலையல்ல. பத்துப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேரை வைத்துக்கொண்டு முப்பது நாளையும் நிரப்ப வேண்டும். யாருக்காவது அநியாயம் செய்யாமல் அந்தக் கணக்கு முடியவே முடியாது. யாருக்குச் செய்வது என்பதை மட்டுமே அவர் தேர்ந்தெடுக்க முடியும். எதிர்த்துப் பேசாதவர், திருமணமாகாதவர், புதிதாக வந்தவர், ஒப்பந்தத்தில் இருப்பவர் ஆகியோர் பக்கம் பேனா சாய்கிறது. "உனக்கென்னம்மா, புள்ளையா குட்டியா" என்று சொல்லி அடுத்தடுத்து நைட் போடப்பட்ட இளம் செவிலியர்கள் எத்தனையோ பேர். அவர்கள் அந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் மறப்பதில்லை.

ரோஸ்டரில் வரும் அநியாயத்தைவிட, அதைப் பற்றிக் கேட்க முடியாமல் இருப்பதுதான் அதிகம் வலிக்கிறது. கேட்டால் அடுத்த மாதம் இன்னும் மோசமாக வரும் என்ற பயம். எழுத்தில் கேட்டால் எதிர்த்துப் பேசியதாக மெமோ வரும் என்ற பயம். கேட்க முடியாத கேள்வி இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போகாமல், அவருக்கு வேண்டியவர் என்று கருதப்படும் இன்னொரு செவிலியர் மீது கோபமாகத் திரும்புகிறது. சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தாலே வார்டின் கட்சிகள் தெரிந்துவிடும்.

தனியார் மருத்துவமனைகளில் இதே கதை இன்னும் நெருக்கமாக நடக்கிறது. காரணம் ஹாஸ்டல். வார்டில் சண்டை போட்டவர்கள் இரவில் ஒரே அறையில் படுக்க வேண்டும். கேரளத்திலிருந்து வந்தவர்கள் ஒரு அறை, தென் மாவட்டத்துப் பெண்கள் ஒரு அறை, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒரு அறை என்று பிரிந்துகொள்வது இயல்பாக நடக்கும். தாய்மொழியில் பேச ஆள் கிடைத்தால் யாருக்கும் ஆறுதல்தான். ஆனால் ஓவர் கொடுக்கும்போது நோயாளியைப் பற்றிய தகவல் அவரவர் மொழிக்குள்ளேயே சுற்றி, புரியாத மூன்றாமவரை வெளியே நிறுத்தும்போது அது ஆறுதலின் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஒரே வார்டு, பல சம்பளம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் செவிலியர்களுக்குள் விழுந்த மிக ஆழமான பிளவு குணத்தால் வந்ததல்ல. அரசாணையால் வந்தது.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் உருவானது. 2015இல் அந்த வாரியம் போட்டித் தேர்வு வைத்து 7,243 செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தது. தேர்வு எழுதி, தரவரிசையில் வந்து, இடஒதுக்கீட்டு முறைப்படி தேர்வானவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது காலமுறை ஊதியமல்ல. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு முடிந்ததும் நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பினார்கள். இரண்டு ஆண்டு முடிந்தும் பெரும்பாலோருக்கு அது நடக்காதபோது, 2017 நவம்பர் இறுதியில் மாநிலத்தின் பல ஊர்களிலிருந்தும் பஸ் ஏறி வந்து சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். தொகுப்பூதியம் பிற்பாடு உயர்ந்தது. நிரந்தரப் பணி கொஞ்சம் கொஞ்சமாக, காலியிடம் வரும்போது, வரிசைப்படி கிடைத்தது. காத்திருந்தவர்களுக்கு அதற்குள் வயது ஏறியது.

அடுத்து கொரோனா. 2020இல் அவசரமாக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள், முழுக்கவசம் அணிந்து, பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல் வேலை பார்த்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது. புத்தாண்டுக்கு அவர்கள் தெருவில் நின்று போராடினார்கள். மாற்றுப் பணி தருகிறோம், மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் மூலம் 18,000 ரூபாயில் எடுத்துக்கொள்கிறோம் என்றது அரசு. அதுவும் தற்காலிகம்தான்.

இதை வார்டுக்குள் வைத்துப் பாருங்கள். ஒரே நைட் டூட்டியில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் இருபது வருட நிரந்தரப் பணியாளர். ஒருவர் தேர்வு எழுதி வந்து நிரந்தரத்துக்குக் காத்திருப்பவர். ஒருவர் திட்டப் பணியில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக்குக் காத்திருப்பவர். மூவரும் அதே ஊசியைப் போடுகிறார்கள், அதே ரத்தத்தைத் துடைக்கிறார்கள். சம்பளம் மூன்று மடங்கு, நான்கு மடங்கு வித்தியாசம். ஒருவருக்கு லீவு உண்டு, இன்னொருவருக்கு இல்லை. ஒருவர் தவறு செய்தால் விசாரணை, இன்னொருவர் தவறு செய்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்ற சொல் மட்டும். மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவதைப் பார்க்கும் இளையவருக்கு, அவருடைய மூட்டுவலி தெரியாது, அவருடைய சம்பளச் சீட்டுதான் தெரியும். இளையவர் வேகமாகப் பேசுவதைக் கேட்கும் மூத்தவருக்கு, அந்தப் பெண்ணின் ஊதியம் நினைவில் வராது, மரியாதைக் குறைவுதான் காதில் விழும். இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று குறைப்படுவதற்கு முன், இவர்களை இப்படித் தரம் பிரித்து நிறுத்தியது யார் என்று கேட்பதே நியாயம்.

தனியார் துறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் தீர்வு ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. 2012 மார்ச்சில் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் செவிலியர்கள் ஊதிய உயர்வு கேட்டும் வேலையை விட முடியாதபடி கட்டிப்போடும் பாண்ட் முறையை ஒழிக்கக் கோரியும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியச் செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் ஒரு குழு அமைந்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவித்தது. நம் ஊரில் சின்ன மருத்துவமனை ஒன்றில் ஊசி போடும் பெண்ணிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

மேலிருந்து கீழே இறங்கும் திட்டு

செவிலியர்கள் தங்கள் இளையவர்களையே தின்கிறார்களா என்று அமெரிக்காவில் ஜூடித் மெய்ஸ்னர் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார். கடுமையான கேள்வி. இன்றுவரை உலகெங்கும் அது திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1983இல், சூசன் ஜோ ராபர்ட்ஸ் என்பவர் அதற்குரிய பதிலை எழுதிவிட்டிருந்தார். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேவின் சிந்தனையை எடுத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: மேலே இருப்பவரைத் தொட முடியாத கூட்டம், தன் கோபத்தைத் தனக்குள்ளேயே பக்கவாட்டில் காட்டிக்கொள்ளும்.

நம் வார்டுகளில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் இன்சார்ஜ் சிஸ்டரைத் திட்டுகிறார். அவர் பதில் பேசுவதில்லை. டாக்டர் போனதும் ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டுத் திட்டுகிறார். ஸ்டாஃப் நர்ஸ் பயிற்சி மாணவியைத் திட்டுகிறார். மாணவி ஆயாவிடம் எரிந்து விழுகிறார். ஆயா, கட்டிலோரம் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் நோயாளியின் அம்மாவை எழுந்திருக்கச் சொல்லி விரட்டுகிறார். தொடக்கத்தில் கேட்கப்பட்டது ஓர் எக்ஸ்ரே ஏன் வரவில்லை என்ற கேள்வி. எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் ஆள் இல்லை என்பதுதான் அதற்குப் பதில்.

இன்னொரு பழைய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையின் செவிலியர் பிரிவை ஆராய்ந்து 1960இல் வெளியிட்டார். பயிற்சிக்குச் சேரும் மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் என்று தேடினார். மரணம், வலி, அழுகிய புண், அழுகின்ற குடும்பம் என்று நாள் முழுக்க எதிர்கொள்ளும் மனிதருக்கு வரும் பெரும் பதற்றத்தை அந்த மருத்துவமனை எப்படிக் கையாண்டது என்று பார்த்தார். நோயாளிகளை உறுப்பின் பெயராலும் படுக்கை எண்ணாலும் குறிப்பிட்டார்கள். ஒரே நோயாளியோடு நெருக்கமாகிவிடாமல் இருக்க வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். செவிலியர்களை வார்டு வார்டாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்றும் நடந்தது. மூத்தவர்களின் கண்ணில் இளையவர்கள் எல்லோரும் பொறுப்பற்றவர்களாகத் தெரிந்தார்கள். இளையவர்களின் கண்ணில் மூத்தவர்கள் எல்லோரும் ஈவிரக்கமற்றவர்களாகத் தெரிந்தார்கள். தன்னிடமும் இருக்கிற பொறுப்பின்மையைப் பற்றிய பயத்தை ஒருவர் இளையவர் மேல் ஏற்றிவிடுகிறார், தன்னிடமும் இருக்கிற கண்டிப்பை இன்னொருவர் மூத்தவர் மேல் ஏற்றிவிடுகிறார் என்றார் மென்சீஸ்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அக்கறையே இல்ல" என்ற பேச்சை எந்த அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். "மேடம்கிட்ட பேசவே முடியாது" என்பதையும் அதே வராந்தாவில் கேட்கலாம். முதல் முறை கண்முன்னே ஒரு குழந்தை இறந்தபோது என்ன செய்தாய், எப்படித் தூங்கினாய் என்று மூத்தவரும் இளையவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள இடமோ நேரமோ எந்த ரோஸ்டரிலும் இல்லை. டெத் ஆன படுக்கையைச் சுத்தம் செய்து, அடுத்த அட்மிஷனை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

பேச்சு நின்றால்

இதுவரை சொன்னதெல்லாம் செவிலியர்களின் துன்பம். படுக்கையில் படுத்திருக்கும் நமக்கு இதில் என்ன என்று ஒருவர் நினைக்கலாம்.

சில மருந்துகளை இரண்டு பேர் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெபாரின் போன்றவை. அளவு தவறினால் உயிர் போகும். ஒருவர் மருந்தை எடுத்து அளவைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேஸ் ஷீட்டைப் பார்த்து, ஆம்ப்யூலின் லேபிளைப் பார்த்து, தனியாகக் கணக்குப் போட்டு, அதன் பிறகே கையெழுத்திட வேண்டும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத இரவில் என்ன நடக்கும்? ஒருவர் நோட்டை நீட்டுவார், மற்றவர் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். காகிதத்தில் இருவர் சரிபார்த்ததாக இருக்கும்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் ஹார்வர்டில் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வில் பங்கெடுத்தார். இரண்டு மருத்துவமனைகளில் எட்டு செவிலியர் குழுக்கள். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது. ஒற்றுமையான குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர் அந்த முடிவை ஒதுக்கித் தள்ளவில்லை. இந்த எண்களைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் உதவியாளரை அந்த வார்டுகளுக்கு அனுப்பிக் கவனிக்கச் சொன்னார். விடை கிடைத்தது. நல்ல குழுக்களில் பிழை நேர்ந்ததும் வாய்விட்டுச் சொன்னார்கள், சேர்ந்து சரிசெய்தார்கள். பயந்த குழுக்களில் மறைத்தார்கள். 1996இல் இதை வெளியிட்டார். பயமின்றிப் பேச முடிகிற சூழல் பற்றி அவர் பிறகு எழுதியதெல்லாம் அந்த எட்டு வார்டுகளிலிருந்து முளைத்ததுதான்.

இதை நம் மருத்துவமனை நிர்வாகிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். "எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த ஆண்டு ஒரு மருந்துப் பிழைகூட இல்லை" என்று ஒரு நிர்வாகி பெருமையோடு சொல்லும்போது எனக்குப் பயம்தான் வருகிறது. அங்கே பிழை நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதில்லை. அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை என்றுதான் தோன்றுகிறது. பிழையைச் சொன்ன செவிலியருக்கு மெமோ கொடுக்கும் மருத்துவமனை, அடுத்த பிழையை யாரும் சொல்லாமல் இருக்க ஏற்பாடு செய்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் என்ற அமைப்பு 2008 ஜூலையில், மிரட்டும் பேச்சும் அவமதிக்கும் நடத்தையும் நோயாளியின் பாதுகாப்பைக் கெடுக்கின்றன என்று எச்சரிக்கையே விடுத்தது. பெரிய டாக்டரின் கோபத்தை அவருடைய சுபாவம் என்று பொறுத்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு அது நேர் எதிரானது.

கேக் வேண்டாம், ஆள் கொடுங்கள்

மே 12ஆம் தேதி செவிலியர் தினத்தன்று மருத்துவமனைகளில் கேக் வெட்டுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். சில இடங்களில் மனஅழுத்தம் குறைக்க யோகா வகுப்பு. இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் நைட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவரை நிறுத்தி வைத்து மனஅழுத்தம் பற்றி வகுப்பெடுப்பது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

உதவி எது என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செவிலியர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுக்கொண்டிருந்த சமயம். அவர்கள் வேலையை விடாமல் தங்கியிருக்கும் மருத்துவமனைகளும் உண்டா என்று அமெரிக்க நர்சிங் அகாடமி தேடியது. 163 மருத்துவமனைகளைப் பார்த்து 41ஐத் தேர்ந்தெடுத்து 1983இல் அறிக்கை வெளியிட்டது. செவிலியர்களைக் காந்தம்போல இழுத்து வைத்திருந்ததால் அவற்றுக்குக் காந்த மருத்துவமனைகள் என்றே பெயர் வந்தது. அங்கே நர்சிங் தலைமை நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து முடிவெடுத்தது, டூட்டி நேரத்தில் நெகிழ்வு இருந்தது, போதிய ஆள் இருந்தார்கள், நோயாளியைப் பற்றிச் செவிலியர் சொல்வதற்கு மதிப்பு இருந்தது. நம் மருத்துவமனைகளில் எத்தனை நர்சிங் சூப்பரிண்டெண்டுகள் வரவு செலவு பேசும் கூட்டத்தில் உட்காருகிறார்கள்?

ஆள் போட்டால் செலவாகும் என்பது எப்போதும் வரும் பதில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016 ஜூலை முதல் குறிப்பிட்ட அரசு மருத்துவமனை வார்டுகளில் பகலில் நான்கு நோயாளிக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டமாக்கியது. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் அதன் விளைவை எழுதினார்கள். இறப்பு குறைந்தது, திரும்ப வந்து சேர்கிறவர்களின் எண்ணிக்கை கூடாமல் நின்றது, படுக்கையில் கிடக்கும் நாள்கள் குறைந்தன. அதனால் மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்குச் செலவழித்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பணமே தேவைப்படாத வேலைகளும் உண்டு. ரோஸ்டரை ஒரு மாதம் முன்பே எழுதிச் சுவரில் ஒட்டலாம். யார் எத்தனை நைட் பார்த்தார்கள், யாருக்கு எந்தப் பண்டிகையில் ஆஃப் கிடைத்தது என்ற கணக்கையும் அதன் பக்கத்திலேயே ஒட்டலாம். தொலைந்த கத்தரிக்கோலுக்குச் செவிலியரிடம் பணம் வாங்குவதை நிறுத்தலாம். அந்த ஒரு பழக்கம் போனாலே காலை ஏழு மணிப் பேச்சு பாதி மாறிவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எல்லா இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அதன் உறுப்பினர்கள் யார் என்று நைட் டூட்டி பார்க்கும் கடைசிச் செவிலியருக்கும் தெரியும்படி செய்யலாம். டாக்டரை இரவில் போனில் எழுப்பி எப்படிப் பேசுவது என்று பயப்படும் புதியவருக்கு, நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படியில் சொல்லும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது. பதவியில் சிறியவர் பெரியவரிடம் தயங்காமல் உண்மையைச் சொல்வதற்கு அது ஒரு பிடிமானம்.

எல்லாவற்றிலும் அவசரமானது புதிதாகச் சேர்கிறவர்களைப் பற்றியது. உலகெங்கும் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. வளைகுடாவும் பிரிட்டனும் ஜெர்மனியும் நம் பெண்களையும் பையன்களையும் வரவேற்கக் காத்திருக்கின்றன. இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் கையில் வந்ததும் கிளம்பிவிடுகிறவர்களைச் சம்பளம் மட்டும் இழுக்கவில்லை. முதல் மாதத்திலேயே தனியாக நைட்டில் நிறுத்தப்பட்டு, வென்ஃப்ளான் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் கைநடுங்கி, உதவிக்குக் கூப்பிட ஆளில்லாமல், காலையில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய நினைவும் அவர்களைத் துரத்துகிறது. முதல் மூன்று மாதம் எந்தப் புதியவரையும் தனியாக நைட்டில் விடக் கூடாது. அவருக்கென்று ஒரு மூத்த சிஸ்டரைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அந்த மூத்தவருக்கு அந்த மூன்று மாதமும் படுக்கைகளைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இவை மூன்றும் ரோஸ்டரில் எழுத்தில் இருக்க வேண்டும், இன்சார்ஜ் சிஸ்டரின் நல்ல மனதை நம்பி விடக் கூடாது.